நிகோடின் கம், பேட்ச் வைத்து சிகரெட்டை விடுவது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

நிகோடின் கம் வாங்கி ரெண்டு நாள் மென்றுவிட்டு, "இதெல்லாம் வேலைக்கு ஆகாது" என்று மேசை டிராயரில் போட்டு மறந்தவர்கள் எக்கச்சக்கம். அவர்களிடம் கொஞ்சம் விசாரித்தால் கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு நாளைக்கு ரெண்டோ மூணோ கம், அதையும் சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் மென்று, பத்து நிமிஷத்தில் துப்பிவிட்டு, முன்னும் பின்னும் டீ. இப்படிச் சாப்பிட்டால் எந்த மருந்தும் வேலை செய்யாதுதான். கம்மோ, தோலில் ஒட்டுகிற பேட்ச்சோ பலன் தர மூன்று விஷயம் வேண்டும்: போதுமான அளவு, சரியான முறை, போதுமான நாட்கள். இந்தக் கட்டுரை முழுக்க இந்த மூன்றைச் சுற்றித்தான். நானும் கம் மென்று சிகரெட்டை விட்டவன் என்பதால் சில இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. வேறு நாட்டில் இருந்தால் முறை இதேதான், ஆனால் எது டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்கும் என்பது மாறும்.

விஷத்துக்கு மாற்று விஷமா?

வீட்டில் முதலில் கேட்பார்கள், "அதிலயும் நிகோடின்தானே இருக்கு, அப்புறம் என்ன?" என்று. நியாயமான கேள்விதான். நம்மை அடிமையாக்குவது நிகோடின். ஆனால் புற்றுநோயையும், நுரையீரல் நாசத்தையும், மாரடைப்பில் பெரும்பங்கையும் கொண்டுவருவது எரியும் புகையிலையின் புகை. அந்தப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன, அதில் குறைந்தது எழுபது புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை, கூடவே தார், கார்பன் மோனாக்சைடு. கம்மில் புகையே கிடையாது. உடம்பு கேட்கிற நிகோடினை மட்டும் குறைந்த அளவில் கொடுத்து, கையும் வாயும் மனசும் சிகரெட்டை மறக்கிற வரை தாக்குப்பிடிக்க வைத்து, பிறகு அந்த நிகோடினையும் படிப்படியாகக் குறைப்பதுதான் திட்டம். உலக சுகாதார நிறுவனம் 2009இல் இந்த நிகோடின் மாற்று மருந்தை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது, இந்தியாவின் தேசியப் பட்டியலிலும் 2022இல் சேர்ந்துவிட்டது.

சிகரெட் இவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதற்குக் காரணம் அதன் வேகம். ஒரு இழுப்பு இழுத்தால் பத்து இருபது வினாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடும். வாய்க்காலை உடைத்துவிட்டு வயலை மூழ்கடிப்பது போல அது. கம் என்பது சொட்டு நீர்ப் பாசனம், உச்ச அளவுக்குப் போக இருபது முப்பது நிமிஷம் ஆகும். ஆகவே "சிகரெட் அடிச்ச மாதிரி கிக் வரலையே" என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கிக் வராது. வரக்கூடாது. எரிச்சலும் பதைபதைப்பும் அடங்கி, வேலையைப் பார்க்க முடிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இந்தக் கம் பிறந்த கதையே சுவாரசியமானது. 1960களின் பிற்பகுதியில் ஸ்வீடனில், நீர்மூழ்கிக் கப்பலில் புகைபிடிக்க வழியில்லாத சிப்பாய்கள் வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறிச் சமாளிப்பதை லூண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனித்து, மருந்து கம்பெனியில் இருந்த ஓவே ஃபெர்னோ என்பவரிடம் சொன்னார்கள். அவரும் நன்றாகப் புகைபிடிப்பவர். வாயின் உள்தோல் வழியாக நிகோடினை உள்ளே அனுப்ப வேண்டும், அதற்கு வாயில் காரத்தன்மை (மிளகாய்க் காரம் இல்லை, புளிப்புக்கு எதிரானது) வேண்டும் என்பதால் கம்மில் அதற்கான உப்பையும் சேர்த்தார்கள். இந்தக் காரத்தன்மை விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், டீ பற்றிப் பேசும்போது வேண்டியிருக்கும்.

எவ்வளவு பலன்? 2018இல் காக்ரேன் என்ற அமைப்பு 133 ஆய்வுகளை, 64,000 பேருக்கு மேல் கலந்துகொண்டவற்றை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததில், நிகோடின் மாற்று மருந்து எடுத்தவர்கள் பழக்கத்தை விடும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 முதல் 60 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. நூற்றுக்கு அறுபது பேர் விட்டுவிடுகிறார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளாதீர்கள். வெறும் கையோடு முயன்றால் இருக்கும் சின்ன வாய்ப்பு ஒன்றரை மடங்காகிறது, அவ்வளவுதான். மீதி உங்கள் கையில்.

முதலில் ஒரு வாரம் கணக்கெடுங்கள்

மருந்துக்கடைக்கு ஓடுவதற்கு முன், இப்போது எப்படிப் புகைபிடிக்கிறீர்களோ அப்படியே பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் போனில் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்கு, எங்கே, யாரோடு. லூஸில் ஒன்று ரெண்டாக வாங்குபவர்களுக்குத் தாங்கள் ஒரு நாளைக்கு எத்தனை அடிக்கிறோம் என்பதே சரியாகத் தெரியாது. "அஞ்சாறு இருக்கும்" என்பவர் எழுதிப் பார்த்தால் பதினொன்று இருக்கும். பீடியையும் கணக்கில் சேருங்கள். சின்னதாக இருப்பதால் பீடியில் நிகோடின் குறைவு என்று நினைப்பது தப்பு, சிகரெட்டுக்குச் சமமாகவோ அதைவிட அதிகமாகவோ அதில் கிடைக்கும்.

இன்னொன்றையும் குறிக்க வேண்டும், இதுதான் முக்கியம்: காலையில் கண் விழித்து எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட்? அரை மணி நேரத்துக்குள் என்றால் உங்கள் பிடிப்பு பலமானது, மருந்தும் அதற்கேற்ப வேண்டும். காரணம் எளிது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உடம்பில் இருக்கும் நிகோடின் பாதியாகக் குறையும், ராத்திரி முழுக்கத் தூங்கி எழும்போது தொட்டி காலி. அந்தக் காலித் தொட்டியை எவ்வளவு நேரம் தாங்குகிறீர்கள் என்பதே அளவுகோல்.

அப்புறம் ஒரு தேதி குறியுங்கள். ஒரு வாரம், மிஞ்சிப்போனால் ரெண்டு வாரம் தள்ளி. ஜனவரி 1, பிறந்தநாள், ஆடி முடியட்டும் என்றெல்லாம் தள்ளிக்கொண்டே போவதில் பிரயோஜனமில்லை, அதேபோல நண்பன் கல்யாணத்துக்கு முந்தின நாளையும் ஆபீசில் ஆடிட் நடக்கிற வாரத்தையும் குறிக்க வேண்டாம். முதல் நாள் இரவே மிச்சம் இருக்கும் சிகரெட், லைட்டர், ஆஷ்ட்ரே எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். பைக் டேங்க் கவரில், மழைக்கோட்டு பாக்கெட்டில், ஆபீஸ் டிராயரில் என்று அங்கங்கே ஒன்று ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

யாரிடமாவது சொல்ல வேண்டும் என்பார்கள். நம் ஊரில் இதில் ஒரு சிக்கல். பலர் வீட்டுக்குத் தெரியாமல் பிடிப்பவர்கள், சிகரெட் பிடிக்கிறேன் என்றே சொல்லாதவர் விடப்போகிறேன் என்று எப்படிச் சொல்வார்? (பெண்களுக்கு இது இன்னும் கஷ்டம்.) வீட்டில் முடியாவிட்டால் கூடத் தம் அடிக்கிற நண்பர்களில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள், "எனக்கு நீட்டாதே, நான் கேட்டாலும் தராதே" என்று. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண்ணையும் போனில் பதிந்து வையுங்கள். அது மத்திய அரசின் இலவச உதவி எண். 2016இல் டெல்லியில் தொடங்கியது, பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையும் இதில் ஒரு மையம் என்பதால் தமிழிலேயே பேசலாம். பேசுவதற்குக் கூச்சப்பட வேண்டாம், பெயர் சொல்லி அசிங்கப்படுத்தப் போகிறவர் யாரும் அந்தப் பக்கம் இல்லை.

கடையில் என்ன கேட்பது

நிகோடின் கம் 2 மி.கி., 4 மி.கி. என்று ரெண்டு அளவில் வரும். 2 மி.கி. கம் வாங்கச் சீட்டு தேவையில்லை, மருந்துக்கடையில் கேட்டால் தந்துவிடுவார்கள், சில ஊர்களில் பெட்டிக்கடையில் சிகரெட்டுக்குப் பக்கத்திலேயே தொங்கும். 4 மி.கி.க்கு டாக்டர் சீட்டு வேண்டும். நிகோடெக்ஸ், நிகோரெட் போன்ற பெயர்களில் கிடைக்கிறது, எந்தக் கம்பெனி என்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது, அட்டையில் எத்தனை மி.கி. என்று போட்டிருப்பதையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். புதினா, பட்டை, பான் என்று சுவைகள் உண்டு. வெற்றிலை புகையிலைப் பழக்கமும் சேர்ந்து இருப்பவர்கள் பான் சுவையை எடுக்காமல் இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம், மருந்தே பழையதை ஞாபகப்படுத்தக் கூடாதில்லையா.

எந்த அளவு? எழுந்து அரை மணி நேரம் கழித்துத்தான் முதல் சிகரெட், ஒரு நாளைக்கு இருபதுக்குக் கீழே என்றால் 2 மி.கி. போதும். அரை மணிக்குள்ளேயே பற்றவைப்பவர்கள், ஒரு பாக்கெட்டுக்கு மேல் போகிறவர்கள் 4 மி.கி.யில் தொடங்க வேண்டியிருக்கும், அதற்கு ஒரு டாக்டரைப் பாருங்கள். இந்தச் சின்ன வேலையைத் தவிர்க்கப்போய் 2 மி.கி.யோடு சமாளித்து, போதாமல், கைவிட்டவர்கள்தான் நிறைய. மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் பலவற்றிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இதற்கென்றே பிரிவு இருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002லேயே தொடங்கிவிட்டார்கள்.

தாடை வலி உள்ளவர்கள், பல்செட் வைத்திருப்பவர்கள் கம் மெல்ல முடியாது, பல்செட்டில் ஒட்டிக்கொண்டு வரும். அவர்களுக்குச் சப்பும் மாத்திரை இருக்கிறது. அதைக் கடிக்காமல் விழுங்காமல் வாயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி வைத்து இருபது முப்பது நிமிஷம் கரைய விட வேண்டும்.

முதல் தடவை ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள். ஒரு அட்டையில் ஒன்பதோ பத்தோ கம் இருக்கும், நாளைக்குப் பத்து என்று வைத்தால் ஏழெட்டு அட்டை. மொத்தமாகப் பார்க்கும்போது பணம் அதிகம் போல் தோன்றும். அதே வாரத்தில் சிகரெட்டுக்கும் டீக்கும் போவதைக் கூட்டிப் பாருங்கள், அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. வேப் என்கிற மின் சிகரெட் இந்தியாவில் 2019 முதல் தடை செய்யப்பட்டது. கள்ளத்தனமாக விற்பதில் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. மூலிகை சிகரெட்டும் புகைதான். ரெண்டையும் இந்தக் கட்டுரையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மெல்லக்கூடாது, அடக்க வேண்டும்

பத்தில் ஒன்பது பேர் கோட்டைவிடும் இடம் இது என்றே சொல்வேன், அதனால் மெதுவாகப் படியுங்கள்.

கம்மை வாயில் போட்டு மெதுவாக நாலைந்து முறை, பத்து முறை மெல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் மிளகு கடித்தது போல ஒரு காரம், நாக்கில் ஒரு சுரீர் வரும். வந்த உடனே நிறுத்துங்கள். கம்மைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். ஒரு நிமிஷம், சில சமயம் அதற்கும் மேல், சும்மா இருக்க வேண்டும். அந்தக் காரம் அடங்கியதும் மறுபடி சில முறை மெல்லுங்கள், காரம் வந்ததும் இந்த முறை இன்னொரு பக்கம் ஒதுக்குங்கள். இப்படி அரை மணி நேரம். மென்றும் காரம் வரவில்லை என்றால் சரக்கு தீர்ந்தது, பேப்பரில் மடித்துக் குப்பையில் போடுங்கள்.

ஏன் இவ்வளவு சடங்கு? நிகோடின் கன்னத்தின் உள்தோல் வழியாக ரத்தத்துக்குப் போக வேண்டும். விடாமல் மென்றால் மொத்த நிகோடினும் எச்சிலோடு சேர்ந்து வயிற்றுக்குப் போகும். வயிற்றில் போன நிகோடினில் பெரும்பகுதியைக் கல்லீரல் அழித்துவிடும், பலன் கிடையாது, ஆனால் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் மட்டும் தவறாமல் வரும். "எனக்குக் கம் ஒத்துக்கல, விக்கல் நிக்கல" என்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வேகமாக மென்றவர்களாகத்தான் இருப்பார்கள். அப்படி வந்தால் கம்மை விடாதீர்கள், வேகத்தைக் குறையுங்கள், வருகிற எச்சிலை உடனே விழுங்காமல் கொஞ்சம் வாயில் வைத்திருங்கள்.

இப்போது டீக்கு வருவோம். டீ, காபி, எலுமிச்சை ஜூஸ், சோடா, கலர் எல்லாம் புளிப்புத்தன்மை உள்ளவை. இவை வாயில் இருக்கும்போது அந்தக் காரத்தன்மை கெட்டு நிகோடின் உள்ளே போகாது. அதனால் கம் போடுவதற்கு 15 நிமிஷம் முன்பிருந்து, கம் வாயில் இருக்கும் நேரம் முழுக்க, தண்ணீர் தவிர எதுவும் கூடாது. புளிக்குழம்பு, ரசம், மோர் என்று சாப்பிட்டு எழுந்ததும் இதே கதைதான், வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள்.

சிக்கல் என்னவென்றால் நமக்கு ஆசை வருவதே டீயோடுதான். ஒரு கையில் கிளாஸ், ஒரு கையில் சிகரெட் என்று பழகிய ஆள் டீ குடித்துக்கொண்டே கம் போட்டால் ரெண்டும் வீண். இதற்கு நான் கண்ட வழி, நேரத்தை முன்னால் தள்ளுவது. பதினோரு மணிக்கு டீ என்றால் பத்தே காலுக்குக் கம்மைப் போட்டு, பத்தே முக்காலுக்குத் துப்பிவிட்டு, உடம்பில் நிகோடின் இருக்கும்போதே டீக்கடைக்குப் போங்கள். ஆசை வரும், ஆனால் பழைய மிரட்டல் இருக்காது. காலையிலும் அப்படியே. எழுந்து வாய் கொப்பளித்ததும் முதல் வேலையாகக் கம், அது முடிந்த பிறகு காபி.

எத்தனை, எத்தனை நாள்

ஒரு சிகரெட்டிலிருந்து உடம்புக்குள் போவது சுமார் 1 முதல் 1.5 மி.கி. நிகோடின். 2 மி.கி. கம்மை ஒழுங்காக அடக்கினால் கிடைப்பது கிட்டத்தட்ட 1 மி.கி. ஆகவே பத்து சிகரெட் பிடித்தவர் மூன்று கம்மில் சமாளிப்பது நடக்கிற காரியமா?

முதல் 6 வாரம், ஒரு மணியிலிருந்து ரெண்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஒரு நாளைக்கு ஒன்பதுக்குக் குறையாமல் என்பது வழக்கமாகச் சொல்லும் அளவு. ஆசை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், மணி பார்த்துப் போடுங்கள், ஏனென்றால் ஆசை முற்றிய பிறகு போட்டால் கம் வேலை செய்ய ஆரம்பிக்கும் முன் நீங்கள் பெட்டிக்கடையில் நின்றிருப்பீர்கள். 7 முதல் 9 வாரம் வரை ரெண்டு முதல் நான்கு மணி நேரத்துக்கு ஒன்று. 10 முதல் 12 வாரம் வரை நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஒரே நாளில் 24 கம்மைத் தாண்டக் கூடாது, ஒரே சமயத்தில் ரெண்டு போடக் கூடாது, ஒன்று முடிந்ததும் அடுத்தது என்று தொடர்ச்சியாகவும் போடக் கூடாது. நாளைக்கு நாலைந்து மட்டும் பிடித்தவருக்கு இவ்வளவு தேவைப்படாது, நீங்கள் எழுதி வைத்த அந்த நாலைந்து நேரத்துக்கு அரை மணி முன்னால் ஒவ்வொன்று என்று தொடங்கலாம்.

தலைசுற்றல், வாந்தி, குளிர்ந்த வியர்வை, நெஞ்சு படபடப்பு வந்தால் அளவு கூடிவிட்டது. உடனே துப்பிவிட்டு, டாக்டரிடம் பேசுங்கள்.

பேட்ச் பற்றி

கம் ஆசையைச் சமாளிக்க, பேட்ச் நாள் முழுக்க ஒரு அடித்தளம் போட. பெரிய மருந்துக்கடைகளில் அல்லது ஆன்லைனில்தான் கிடைக்கும், சீட்டும் கேட்கலாம். பத்துக்கு மேல் பிடிப்பவர்கள் 21 மி.கி.யில் தொடங்கி 6 வாரம், பிறகு 14 மி.கி. 2 வாரம், 7 மி.கி. 2 வாரம். பத்தோ அதற்குக் கீழேயோ என்றால் 14 மி.கி.யில் தொடங்கி 6 வாரம், பிறகு 7 மி.கி. 2 வாரம்.

காலையில் குளித்துத் துடைத்த பிறகு, முடியில்லாத இடமாக, மேல்கையிலோ மார்பிலோ முதுகிலோ ஒட்டிப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். எண்ணெய், பவுடர், லோஷன் இருந்தால் ஒட்டாது, எண்ணெய்க் குளியல் நாளில் சோப்பு போட்டு நன்றாகக் கழுவிய பிறகே. மே மாத வெயிலில் வியர்த்துக் கொட்டுகிறவர்களுக்கு ஓரம் பிரியும், வியர்வை குறைவான இடமாகப் பாருங்கள். தினமும் இடத்தை மாற்ற வேண்டும், ஒரே இடத்துக்கு ஒரு வாரம் கழித்துத்தான் திரும்ப வரலாம். லேசான அரிப்பும் சிவப்பும் சகஜம், தடித்துக் கொப்பளித்தால் எடுத்துவிடுங்கள். தூக்கம் கெட்டால், விசித்திரக் கனவுகள் வந்தால், படுக்கும் முன் கழற்றிவிட்டுக் காலையில் புதிதாக ஒட்டுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போனால் கட்டாயம் கழற்ற வேண்டும். கழற்றியதிலும் நிகோடின் மிச்சம் இருக்கும், ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, குழந்தைகள் கைக்கும் நாய்க்கும் எட்டாமல் போடுங்கள். கம் அட்டைக்கும் இதே எச்சரிக்கை, மிட்டாய் என்று நினைத்துக் குழந்தைகள் எடுத்துவிடும்.

பேட்ச்சோடு கம்மையும் சேர்த்து எடுப்பது, ஏதாவது ஒன்றை மட்டும் எடுப்பதைவிட நல்ல பலன் தருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதிகம் பிடிப்பவர்கள் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள்.

டாக்டரிடம் முதலில் பேச வேண்டியவர்கள்

சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், குறிப்பாகக் கடந்த ரெண்டு வாரத்துக்குள், ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர்கள், இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள். இதய நோய் இருந்தாலே கம் கூடாது என்று அர்த்தமில்லை, சிகரெட்டோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல், ஆனால் அந்த முடிவை உங்கள் டாக்டர் எடுக்கட்டும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, சில மருந்துகளை வேகமாகக் கரைக்க வைக்கும். புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து, அதே மாத்திரையின் அளவு ரத்தத்தில் கூடிவிடும். மூச்சிரைப்புக்குக் கொடுக்கிற டெரிபிலின் போன்ற தியோபிலின் மாத்திரைகள், மனநலத்துக்கான குளோசபின், ஓலன்சபின் எடுப்பவர்கள் சிகரெட்டை விடப்போவதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். காபிக்கும் இதே கணக்கு. நாளைக்கு நாலு காபி குடித்தவருக்கு அதே நாலு இப்போது ஏழெட்டு குடித்தது போல் இருக்கும், படபடப்பும் தூக்கமின்மையும் வரும், பழியைக் கம் மேல் போடுவார். பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் எப்படி இருக்கும்

ரெண்டாவது மூன்றாவது நாள்தான் உச்சம். கம் எடுத்தாலும் கொஞ்சம் எரிச்சல், கவனமின்மை, பசி இருக்கும், ரெண்டிலிருந்து நான்கு வாரத்தில் அடங்கும். ஆசை என்பது சில நிமிஷ சமாச்சாரம், தண்ணீர் குடித்து, எழுந்து நடந்து, யாருக்காவது போன் பண்ணி அந்த நிமிஷங்களைக் கடத்தினால் போய்விடும். திரும்ப வரும், அப்போதும் போகும்.

காலைக்கடன் விஷயத்தை யாரும் எழுதுவதில்லை, நான் எழுதிவிடுகிறேன். ஒரு தம் இழுத்தால்தான் வயிறு இளகும் என்று பழகியவர்கள் ஏராளம், அது கற்பனையும் இல்லை, நிகோடின் குடலைத் தூண்டும். விட்ட முதல் வாரங்களில் மலச்சிக்கல் வருவது வழக்கம். எழுந்ததும் போடுகிற கம் ஓரளவு உதவும், வெதுவெதுப்பான தண்ணீர், ராத்திரி ஒரு வாழைப்பழம், தட்டில் கீரை, கொஞ்சம் நடை. சில நாளில் குடல் பழகிக்கொள்ளும். இருமல் கூடினாலும் பயப்பட வேண்டாம், நுரையீரல் தன்னைச் சுத்தம் செய்யத் தொடங்குகிறது. ரத்தம் வந்தாலோ வாரக்கணக்கில் நீடித்தாலோ மட்டும் காட்டிக்கொள்ளுங்கள்.

எடை கூடும், சராசரியாக ஒரு வருஷத்தில் நாலைந்து கிலோ. வாய்க்கு ஏதாவது வேண்டும் என்று முறுக்கும் மிக்சரும் வாங்கி வைக்காமல் வெள்ளரிக்காய், பொரிகடலை, கிராம்பு என்று வையுங்கள். முதல் மாதத்தில் எடையையும் சேர்த்துக் குறைக்கிறேன் என்று கிளம்ப வேண்டாம், ஒரு போர் ஒரு சமயத்தில் போதும்.

குடிப் பழக்கம் இருந்தால் முதல் சில வாரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். ரெண்டு ரவுண்டுக்குப் பிறகு கம் பாக்கெட்டில் இருப்பதே ஞாபகம் வராது. அதுபோல, கணக்கு வைத்து வாங்கும் பெட்டிக்கடை இருந்தால் பாக்கியைத் தீர்த்துவிட்டு வேறு தெரு வழியாகப் போங்கள். கடைக்காரர் உங்களைப் பார்த்ததும் கேட்காமலே எடுத்து நீட்டுவார், அது அவர் தப்பில்லை.

ஒன்று பிடித்துவிட்டால்

கம்மை நிறுத்தாதீர்கள். "சிகரெட்டும் கம்மும் சேர்ந்தா ஹார்ட் அட்டாக்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒன்று பிடித்ததுமே மருந்தைத் தூக்கிப்போட்டுவிட்டு முழு நேரமாகத் திரும்பிவிடுகிறவர்கள் நிறைய. தவறி ஒன்று பிடித்தால் மீதியைக் கசக்கிப் போட்டுவிட்டு, அடுத்த கம் நேரம் எப்போதோ அப்போது போடுங்கள். அதற்கு முன்னால் அந்த ஒன்று எங்கே வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் அன்றைக்கு நாலு மணி நேரம் கம்மே போட்டிருக்க மாட்டீர்கள், அல்லது அட்டை தீர்ந்திருக்கும். அடிக்கடி நடந்தால் அளவு போதவில்லை என்று அர்த்தம், 4 மி.கி.யோ பேட்ச்சோடு சேர்த்தோ வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் வாரெனிகிளின், புப்ரோபியான் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன, அவை டாக்டர் சீட்டோடு மட்டும்.

குறைப்பதில் அவசரம் வேண்டாம். மூன்றாவது வாரமே "எனக்கு ஆசையே வரல" என்று கம்மை நிறுத்துகிறவர்கள் ஐந்தாவது வாரம் டீக்கடையில் நிற்பார்கள், ஆசை வராததற்குக் காரணமே அந்தக் கம்தான். அட்டவணைப்படி இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். கடைசியில் கம்மைப் பாதியாக வெட்டிப் போடலாம், அல்லது ஒரு நிகோடின் கம், அடுத்தது சாதாரண சூயிங்கம் என்று மாற்றிப் போடலாம். 12 வாரம் கழித்தும் நாளைக்கு ஒன்று ரெண்டு தேவைப்பட்டால் பதற வேண்டாம், டாக்டரிடம் கேட்டு இன்னும் கொஞ்ச நாள் நீட்டிக்கலாம். முழுதாக நிறுத்திய பிறகும் ஒரு அட்டையைப் பையில் போட்டு வையுங்கள், கல்யாண வீட்டு மொட்டை மாடி, துக்க வீட்டு வாசல், நீண்ட பஸ் பயணத்தில் சாப்பாட்டுக்கு நிறுத்துகிற ஓட்டல் என்று சில இடங்கள் மாதக்கணக்கில் கழித்தும் இழுக்கும். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் அதை வைக்காதீர்கள், கம் இளகிக் கெட்டுவிடும்.